குறையாத ஐந்து குழாய்கள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வந்துவிடுவார். ஆறு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில் இருந்த சின்னக் கிளினிக்கில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளிக்க மாட்டார். வெளியே லிஃப்ட் போய்வரும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, "மூணாவது மாடியில கதவு இழுக்குது. ஒருநாள் பெரிய ஆபீசர் யாராவது உள்ள மாட்டுவாரு, அப்பத்தான் புத்தி வரும்" என்பார். அந்த லிஃப்ட்டைப் பராமரித்தது வேறு கம்பெனி. அதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ரத்தத்தைச் சீக்கிரம் மேலே கொண்டுபோய்ப் பிரிக்க வேண்டும் என்பதால் ஆய்வுக்கூடத்து டெக்னீஷியனே இறங்கி வந்து குழாய்களை வாங்கிப் போவாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. பன்னிரண்டு வருஷ அனுபவம், கை நடுங்காத வேலை. "நான் டாக்டர் இல்லண்ணே" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவர் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது. அவர் மனைவிக்கும் இருந்தது, அவரிடமிருந்து போனது. தனக்கு நோய் என்று தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் அவர் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. அவள் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சவ அடக்கம் முடிந்த மறுநாள் ஒரே மகள் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு போனவள்தான், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போல அவர் சொன்னார்.

"நான் பண்ணினதுக்கு இந்த ரத்தமெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி டாக்டரம்மா. ஆனா சும்மா உக்காந்திருக்க முடியல."

அவருடைய ரத்தத்தில் அபூர்வமான ஒன்று இருந்தது. எச்.ஐ.வி.யை எதிர்க்க எல்லா நோயாளிகளின் உடம்பும் ஆன்டிபாடிகளை உண்டாக்கும். பெரும்பாலும் அவை வைரஸின் ஒரு வேஷத்தை மட்டும் அடையாளம் கண்டு, அது வேஷம் மாற்றியதும் ஏமாந்து நிற்கும். இவர் உடம்பு உண்டாக்கிய ஒரு ஆன்டிபாடி மட்டும் வைரஸ் எந்த வேஷத்தில் வந்தாலும் பிடித்தது. அதை உண்டாக்கும் செல்லைத் தனியே பிரித்து, ஆய்வுக்கூடத்திலேயே அந்த ஆன்டிபாடியை நிறையச் செய்யும் வழியை அவள் வேலை பார்த்த பேராசிரியரின் குழு கண்டுபிடித்திருந்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல். ரத்தத்தில் தனியாக மிதந்து போகும் வைரஸைப் பிடிப்பது, நடுத்தெருவில் போகிறவனைப் பிடிப்பது மாதிரி. எச்.ஐ.வி. எப்போதும் தெருவில் போவதில்லை. அது தொற்றிய நோய் எதிர்ப்புச் செல் ஒன்று, நல்ல செல் ஒன்றின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் நெருங்கி ஒட்டிய இடத்தில், காதும் காதும் வைத்தாற்போல, வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிவிடும். அந்த இண்டு இடுக்கில் ஆன்டிபாடி நுழைவது கஷ்டம். வெளியே வைரஸை அடித்து வீழ்த்திய எத்தனையோ ஆன்டிபாடிகள் இங்கே வந்து தோற்றிருக்கின்றன. மெக்கானிக்கின் ஆன்டிபாடி இந்தக் கைமாற்றத்தையும் தடுக்குமா என்று பார்ப்பதுதான் டெக்னீஷியனுக்குக் கொடுத்த வேலை.

தொற்றிய செல்களையும் நல்ல செல்களையும் பிளாஸ்டிக் தட்டின் ஒரே குழியில் கலந்து, ஆன்டிபாடியைச் சேர்த்து, இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். வைரஸ் தாவிய நல்ல செல்கள் பச்சையாக ஒளிரும். கூடவே இன்னொரு சாயமும் போட வேண்டும். அது செத்த செல் எது, உயிருள்ள செல் எது என்று காட்டும்.

அந்த வாரம் அந்தச் சாயம் தீர்ந்துபோயிருந்தது. புதுசு வர பத்து நாள் ஆகும் என்றார்கள். பேராசிரியர் அடுத்த வாரம் ஒரு பெரிய மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. கலக்கும் முன் செல்களைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தன. ஒரு தடவை சாயம் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று அவள் நினைத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளாகத்தான் விட்டாள்.

முடிவு வந்தபோது கணினித் திரையில், ஒப்பிடுவதற்காகச் சாதாரண ஆன்டிபாடி போட்ட குழிகளில் மட்டும் பச்சை தெரிந்தது; மெக்கானிக்கின் ஆன்டிபாடி போட்டவற்றில் பச்சையே இல்லை. நூற்றுக்கு நூறு தடுப்பு. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே. பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் வரும் அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கிளினிக்குக்குப் படியில் ஓடி இறங்கினாள். ரத்தம் கொடுப்பவர்களிடம் பாதியில் இருக்கும் ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்லக் கூடாது என்பது விதி. வேலையில் சேர்ந்த அன்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நாக்கு நிற்கவில்லை.

"அண்ணே, உங்க ஆன்டிபாடி எல்லாத்தையும் தடுக்குது. ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்குப் போக விடல. முழுசா நிறுத்திடுச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பஞ்சு கையிலிருந்து நழுவியது. "என்னோடதா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களோடதுதாண்ணே."

அவர் சட்டைக் கையை இறக்கிவிடாமலே எழுந்து போனார். அடுத்த மாதம் வந்தபோது முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தார். ரத்தம் எடுக்கும் நர்ஸ் கிண்டல் செய்தாள். "என்ன, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?"

"பொண்ணு வந்தா நர்ஸம்மா. என் பொண்ணு. லெட்டர் போட்டேன். இந்த மாதிரி, என் ரத்தத்துல இருந்து ஒன்னு எடுத்திருக்காங்க, அது யாருக்கும் பரவாம முழுசா நிறுத்துதுன்னு. ஞாயித்துக்கிழமை வந்து நின்னா. உள்ள வரல, வாசல்லயே நின்னா. அப்புறம் வந்தா. தண்ணி குடிச்சா."

மகள் தண்ணீர் குடித்ததை அவர் சொன்ன விதம் டெக்னீஷியனின் காதிலேயே நின்றது. அன்றைக்கு முழுதும் அவள் ஒரு நல்ல காரியம் செய்தவளாக நடமாடினாள்.

மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

அந்த ஆன்டிபாடியை அவள் இரண்டு விதமாகப் பிரித்து வைப்பது வழக்கம். பூஞ்சை பிடிக்காமல் பல மாதம் இருக்க வேண்டிய குழாய்களில் கெடாமல் காக்கும் ஒரு ரசாயனம் சேர்ப்பாள். அதற்கு நீல மூடி. உயிருள்ள செல்களோடு கலக்க வேண்டியதில் அதைச் சேர்க்கவே கூடாது. அதற்கு வெள்ளை மூடி. அந்த ரசாயனம் பூஞ்சையை மட்டும் கொல்லாது, செல்களையும் கொல்லும். இந்த மூடி ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவள்தான். அந்தச் சோதனைக்காக வெள்ளை மூடிக் குழாய்கள் ஐந்தை உறைபனிப் பெட்டியிலிருந்து எடுத்து இங்கே வைத்திருந்தாள்.

ஐந்தும் இருந்தன. ஐந்தும் நிரம்பியிருந்தன. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

பக்கத்து வரிசையில் ஒரு நீல மூடிக் குழாய் காலியாக இருந்தது.

குளிர்பதனப் பெட்டியின் கதவு திறந்தே கிடந்து கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதை மூட அவளுக்குத் தோன்றவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தாள். மூன்று சோதனைக்கும் ஒரே குழாய்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த சாதாரண ஆன்டிபாடியில் ரசாயனம் இல்லை. அதனால் அந்தக் குழிகளில் மட்டும் பச்சை தெரிந்திருக்கிறது. மெக்கானிக்கின் ஆன்டிபாடி வைரஸைத் தடுத்ததா, ரசாயனம் செல்களைக் கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. சாயம் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே நினைத்தாள். பேராசிரியர் ஊரில் இல்லை. மறுநாள் அவருக்குக் கூட்டம். அதற்கு மறுநாள், ரகசியமாக ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது; ஒருவேளை ஆன்டிபாடி உண்மையிலேயே முழுசாகத் தடுத்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காதே. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இப்படியே பதினோரு நாள் போனது. பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஐந்து வெள்ளை மூடிகள் கண்ணுக்குள் வந்து நின்றன.

பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கும் அவள் கணவன் அவளைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் காலை, துணி மடித்துக்கொண்டே கேட்டான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"செல்லுங்கதான் செத்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கையிலிருந்த சட்டையை இரண்டு தடவை மடித்தான். "கை தவறினது பெரிய விஷயமில்ல. எங்க ஆபீஸ்ல ஒரு தடவை பூமிக்கு ரெண்டு நிலான்னு நாப்பதாயிரம் புத்தகம் அடிச்சாங்க. ஆனா தெரிஞ்சப்புறம் பதினோரு நாள் ஆச்சே. அதை என்னன்னு சொல்லுவ?"

ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அன்றைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனால், வாசலில் ஒரு பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். மருந்துக் கடையின் பெயர் பொறித்த அங்கியின் மேல் ஒரு சால்வை. முகத்தில் மெக்கானிக்கின் அகன்ற நெற்றி.

"நீங்கதானே அப்பா சொல்ற டாக்டரம்மா? வேலைக்குப் போற வழி, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு." அவள் சரளமாகப் பேசக்கூடியவள் இல்லை என்று தெரிந்தது. "எங்கம்மா மாதிரி இனி யாருக்கும் ஆகாதுன்னு லெட்டர்ல எழுதியிருந்தாரு. அதைப் படிச்சுத்தான் போனேன். ஒன்பது வருஷமா அந்தத் தெருப்பக்கமே போனதில்ல. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு."

டெக்னீஷியனின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு அவள் போய்விட்டாள். காலுக்குக் கீழே பூமி பிளந்திருந்தால் டெக்னீஷியன் சந்தோஷமாக உள்ளே போயிருப்பாள். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட மறந்துபோயிற்று.

அவர் முழுவதையும் கேட்டார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"செத்தவனுக்கு ஜலதோஷம் பிடிக்கலன்னு போய் மேடையில சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் கடைசியில். "சாயம் எங்கன்னு நான் ஏன் கேக்கல? கேட்டிருக்கணும். எனக்கும் அந்த நூறு வேணும்னு இருந்திருக்கு. அது என் தப்பு, அதை நான் பாத்துக்கறேன். மாநாட்டுக்காரங்களுக்கு இன்னிக்கே எழுதறேன்."

"சார், இன்னொன்னும் இருக்கு." மெக்கானிக்கிடம் சொன்னதைச் சொன்னாள்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "குழாயை மாத்தி எடுத்ததை மன்னிக்கலாம்மா. இதை எப்படி மன்னிக்கறது? அவங்கெல்லாம் நம்மகிட்ட ரத்தத்தை மட்டுமா குடுக்கறாங்க?"

வேலை போகும் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னார் பேராசிரியர். பக்கத்தில் இன்னொருவர் நின்று ஒவ்வொரு குழாயையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வந்திருந்த புதுச் சாயத்தைப் போட்டார்கள், வெள்ளை மூடிகள் திறந்தன. மூன்று தடவை செய்தார்கள். இந்த முறை செல்கள் உயிரோடு இருந்தன, திரையில் பச்சையும் இருந்தது. மெக்கானிக்கின் ஆன்டிபாடி, செல்கள் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே போட்டால், நூறு கைமாற்றத்தில் சுமார் முப்பத்தைந்தைத் தடுத்தது. ஒட்டிக்கொண்ட பிறகு போட்டால் பத்துகூடத் தேறவில்லை. வேறொருவரிடமிருந்து எடுத்த ஆன்டிபாடியோடு சேர்த்துப் போட்டால் அறுபதுவரை ஏறியது.

"இது மோசமில்ல" என்றார் பேராசிரியர். "இது நிஜம். அவர்கிட்ட நீயே சொல்லு. நர்ஸ் கூட இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை வந்தது. மெக்கானிக் உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்கப் போனார். "அண்ணே, ஊசி அப்புறம். முதல்ல நான் ஒன்னு சொல்லணும்" என்றாள். சொன்னாள். குழாய், மூடி, சாயம், பதினோரு நாள், புதுச் சோதனையில் வந்த முப்பத்தைந்து, அறுபது, எதையும் விடவில்லை. நடுவில் நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை.

மெக்கானிக் மடித்த கையை இறக்கி, பொத்தான் போட்டார். அந்தச் சின்னப் பொத்தான் அவருக்கு நெடுநேரம் பிடிபடவில்லை.

"நான் கேட்டேனாம்மா?" என்றார். டாக்டரம்மா இல்லை, வெறும் அம்மா. "ஆறு வருஷம் வந்தேன். என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? நீங்களா ஓடி வந்து சொன்னீங்க. நான் போய் என் பொண்ணுகிட்டச் சொன்னேன். இப்ப அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? மறுபடியும் ஏமாத்திட்டேன்னுதானே நினைப்பா?"

"நான் வந்து அவங்ககிட்டப் பேசறேண்ணே."

"வேணாம். நீங்க பேசின வரைக்கும் போதும்."

அன்றைக்கு ரத்தம் கொடுக்காமலே போய்விட்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. நர்ஸ் போன் போட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. டெக்னீஷியன் வேலைக்கு வந்தாள், போனாள், சாயம் போட்டாள், கணக்காகக் கையெழுத்து வாங்கினாள். ஒன்பது வருஷமாகப் பிரிந்திருந்த ஒரு குடும்பத்தை ஒற்றை வாக்கியத்தில் ஒட்டவைத்து இன்னொரு வாக்கியத்தில் பிய்த்துவிட்டோம் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், மெக்கானிக்கின் மகள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு அவளே போனாள். போகக் கூடாது என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் கால் போனது. மகள் கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"ஆமாங்க."

"உங்கமேல எனக்குக் கோபம்தான். அது போகாது, சொல்லிடறேன்." இரண்டு அட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். "அப்பா அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. அந்தச் செவ்வாய்க்கிழமையே. வேலைக்குக்கூடப் போகல. பஸ் பிடிச்சு நேரா இங்க வந்து, கூட்டம் நிக்குது, அதுக்கு நடுவுல நின்னு, 'நான் சொன்னது தப்பு, முழுசா இல்லையாம், மூணுல ஒரு பங்குதானாம்'னு சொன்னாரு. கடையில எல்லாரும் இவருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறாங்க."

கீழே விழுந்த அட்டை ஒன்றை டெக்னீஷியன் எடுத்துக் கொடுத்தாள்.

"எங்கம்மாகிட்ட ரெண்டு வருஷம் சொல்லாம இருந்த மனுஷன். இதைச் சொல்லாமலே இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? வந்து சொன்னாரு." அட்டைகளை விட்டுவிட்டு அவள் நேராகப் பார்த்தாள். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை போறேன், ரெண்டு மணி நேரம் இருக்கேன், வந்துடறேன். அவ்வளவுதான்."

"அவர் ஏங்க கிளினிக்குக்கு வரல?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி ஏறுற வயசா? கேட்டாத்தானே." ஒரு வாடிக்கையாளர் வந்து சீட்டை நீட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். இடுப்பில் அகலமான பெல்ட். வலியோடு, மெதுவாக உட்கார்ந்து, கையை நீட்டினார். ஜோக் எதுவும் வரவில்லை. டெக்னீஷியன் குழாய்களுக்காகக் காத்து நின்றாள். மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணே, நான் பண்ணினது—"

"அதான் சொல்லியாச்சே. திரும்பத் திரும்பச் சொன்னா உங்களுக்குத்தான் பாரம் குறையும், எனக்கில்ல. எனக்கு அது நல்லாத் தெரியும். நானும் என் பொண்டாட்டி போட்டோ முன்னாடி எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தவன்தான்."

ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது.

முதல் குழாய் நிறைந்ததும் அவரே கேட்டார். "ஒன்னு கேக்கணும். இந்த ஆன்டிபாடி அப்பவே என் உடம்புல இருந்துச்சா? நான் சொல்லாம இருந்தேனே, அந்த ரெண்டு வருஷம்."

நர்ஸ் டெக்னீஷியனைப் பார்த்தாள். 'இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்' என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தும்விட்டது. 

"இருந்திருக்காதுண்ணே. இந்த மாதிரி ஒன்னை உடம்பு செய்ய ரெண்டு மூணு வருஷமாவது பிடிக்கும். அதுக்கப்புறம்தான் வந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "லேட்டா வந்திருக்கு. என்னை மாதிரியே."

ஊசியை எடுத்தார்கள். பஞ்சை அவரே வாங்கி அழுத்திக்கொண்டார். அவள் குழாய்களை எடுத்துக்கொண்டு கதவுவரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த இன்னொரு ஆளு, அவரோடதைச் சேர்த்தா அறுபது வருதுன்னீங்களே, அவரு யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே."

"சொல்லாதீங்க" என்றார் அவர். "சும்மா கேட்டுப் பாத்தேன்."

மேலே வந்து ரத்தத்தைப் பிரித்து, செல்களை எண்ணி முடிக்க மாலை நாலு மணி ஆயிற்று. எண்ணிக்கையை நோட்டில் எழுதி, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். மனசு லேசாகவில்லை. ஆகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.